கோழி வந்து உட்கார்ந்த ஜன்னல்

ஆந்தை உட்கார்ந்தால் கொலை. காகம் கரைந்தால் சாவுச் செய்தி. கழுகு வட்டமிட்டால் உயிலில் யாரோ கை வைத்துவிட்டார்கள். வெள்ளைப் புறா வந்து கொஞ்சினால், அந்த வீட்டுக் கணவன், மனைவி கொடுக்கும் பாலைக் குடிக்காமல் இருப்பது நல்லது.

தொடர்காரரின் கதைகளில் வருடக்கணக்காக இதுதான் சட்டம். தொடர்காரர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். வாரப் பத்திரிகையில் அவர் எழுதாத வாரம் கிடையாது. ஒரு தொடர் முடிந்தால் அடுத்த இதழில் இன்னொன்று ஆரம்பிக்கும். பிணம் மாறும், பறவை மாறாது. வாசகர்களுக்கும் பழகிவிட்டது. பங்களா மாடியில் ஆந்தை இறங்கிய வாரமே பங்களாக்காரரை மனதளவில் அடக்கம் செய்துவிட்டு, யார் கொன்றது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதை வைத்தே ஒரு பேராசிரியர் பெரிய ஆள் ஆகியிருந்தார். அதே பத்திரிகையில் 'இருளின் சிறகுகள்' என்று ஒரு பத்தி. இருட்டுக் கவிதைகளிலும் பேய்க் கதைகளிலும் வருகிற பறவைகளுக்கெல்லாம் அர்த்தம் சொல்வது அவர் வேலை. பஸ் பிடிக்கிற அவசரத்தில் தொடர்காரர் 'ஒரு காகம்' என்று எழுதி வைத்தால், அந்தக் காகத்தின் கறுப்பில் மனித குலத்தின் குற்ற உணர்ச்சியை அவர் கண்டுபிடித்துக் கொடுப்பார். படித்துப் பார்த்துவிட்டு, தான் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று தொடர்காரரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

ஆனால் வாரப் பத்திரிகையில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. அங்கே கதைக்குப் படம் போடுவதில்லை. படத்துக்குக் கதை எழுதுகிறார்கள்.

படம் வருகிற வண்ணப் பக்கங்கள் முதலில் அச்சுக்குப் போய்விடும். கதை வருகிற கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் கடைசியில். அதனால் யார் சாகப் போகிறார் என்று தொடர்காரருக்கே தெரியாத நாளில், ஓவியருக்குப் படம் சொல்லியாக வேண்டும். போனில் இரண்டே விஷயம்தான்: எந்தப் பறவை, எங்கே உட்கார்ந்திருக்கிறது. ஓவியரிடம் ட்ரேசிங் தாளில் எல்லாப் பறவையும் தயார். ஆந்தைத் தாள் எடுத்து எடுத்து, காது இரண்டும் கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்தது.

தொடர்காரருக்குக் குடும்பம் கிடையாது. அக்கா உண்டு. அக்காவுக்கு முட்டைக்கடை உண்டு. பத்திரிகை கொடுப்பது அவருடைய சிகரெட்டுக்கும் மைக்கும் சரியாய்ப் போகும். சாப்பாடு, கரண்ட், துவைத்த சட்டை எல்லாம் முட்டையிலிருந்துதான் வந்தன. அக்கா அவர் எழுத்தைப் படித்ததில்லை. ஒரே ஒரு தடவை அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆந்தை எலி பிடிக்க வரும், அதற்கு மில் ஓனர் படுக்கையறையில் என்ன வேலை என்று கேட்டாள். தொடர்காரர் அதை இலக்கியம் தெரியாதவர்களின் கேள்வி என்று விட்டுவிட்டார்.

அந்த வருடம் அக்கா துணிந்து ஒரு காரியம் செய்தாள். சந்துக்குள் இருந்த பொந்துக் கடையை விட்டுவிட்டு, கை வளையலையும் விற்று, தெருமுனையில் மாடி அறையோடு ஒரு கடை எடுத்தாள். இது ஓடவில்லை என்றால் இரண்டு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஓவியர் நட்புக்காகப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தார். பலகையில் ஒரு கோழி. கழுத்தைச் சற்றுச் சாய்த்து, வருகிறவர்களை ஒரு கண்ணால் பார்க்கும். 'வாங்க, உங்களுக்காகத்தான் போட்டேன்' என்று சொல்கிற மாதிரி ஒரு பார்வை. கடை பிடித்துக்கொண்டது. பேக்கரிக்காரர் ட்ரே ட்ரேயாக எடுத்தார். மாணவர் விடுதியின் சமையல்காரம்மா வாடிக்கையானாள். அக்கா தம்பிக்குப் புதுசாக ஒரு மின்விசிறியே வாங்கிப் போட்டாள்.

அந்த விசிறிக் காற்றில்தான் 'கறுப்புத் தாழ்ப்பாள்' என்ற புதுத் தொடர் பிறந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், தனி வீடு, பூட்டிய அறை. தொடர்காரர் ஓவியர் வீட்டுக்குப் போன் போட்டார். ஓவியர் பல் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கிப் படுத்திருந்தார். அவர் மனைவி எடுத்தாள். கணவர் படங்களுக்கு நிலாவும் மேகமும் போடுவது எப்போதும் அவள்தான்.

ஜன்னல், பின்னால் நிலா, ஜன்னலில் வழக்கம் போல ஒரு பறவை என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். வழக்கம் என்பது அவருக்கும் ஓவியருக்கும் இடையில் இருந்த சமாச்சாரம். அந்த அம்மாளுக்கும் அதில் பங்கு உண்டா என்று அவர் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். ஆசிரியரின் அறையில் ஈரம் காயாத வண்ணப் பக்கங்கள் கொடியில் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றைக் காட்டி, "இது என்ன சார்?" என்றார்.

நீல இருட்டு. பெரிய நிலா. நீதிபதி வீட்டு ஜன்னல். ஜன்னலில் கழுத்தைச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு...

தொடர்காரர் கிட்டே போய்ப் பார்த்தார்.

"கோழி," என்றார்.

"கோழின்னு எனக்கும் தெரியுது. நீதிபதி வீட்டு ஜன்னல்ல அதுக்கு என்ன வேலை?"

தொடர்காரர் அங்கிருந்தே ஓவியர் வீட்டுக்குப் போன் போட்டார். பொறுமையாகத்தான் கேட்டார். மறுமுனையில் ஓவியரின் மனைவி அதைவிடப் பொறுமையாக இருந்தாள்.

"பறவைன்னுதானே சொன்னீங்க? ஃபைல்ல இதுதான் மேல இருந்துச்சு. கோழி என்ன மிருகமா?"

தொடர்காரர் போனை வைத்தார். படத்தை நிறுத்த முடியுமா என்று ஆசிரியரைக் கெஞ்சிப் பார்த்தார்.

"கலர் ஓடி முடிஞ்சாச்சு சார். படத்தை மாத்த முடியாது," என்றார் ஆசிரியர். "கதையை மாத்திக்கங்க. கதைதானே? முடியலன்னா சொல்லுங்க, அந்தப் பக்கத்துல வார பலன் போட்டுடறேன்."

வார பலனுக்கு ஒரு பக்கம் போனால் அது திரும்பி வராது. இதற்கு முன் சிறுவர் பகுதி போய்த் திரும்பவில்லை. தொடர்காரர் பிழை திருத்துபவரின் மேஜையில் ஓரமாக உட்கார்ந்து எழுதினார்.

'கோழி கொக்கரிக்கவில்லை. கொத்தவில்லை. கழுத்தைச் சாய்த்து, ஒரே ஒரு கண்ணால் நீதிபதியைப் பார்த்தது. வாழ்நாளெல்லாம் தீர்ப்புச் சொல்லிப் பழகிய மனிதருக்கு, ஒரு தீர்ப்பை வாங்கிக்கொள்வது எப்படி என்று தெரியவில்லை. காலையில் கதவை உடைத்தபோது அவர் நாற்காலியில் இருந்தார். உயிர் இல்லை. ஜன்னலில் ஒரு இறகு இருந்தது.'

எழுதி முடித்ததும் அவருக்கே முதுகு சில்லிட்டது. அதை அவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்.

இதழ் வந்தது. பத்திரிகை அலுவலகப் போன் ஓயவில்லை. ஆந்தை வந்தபோதெல்லாம் கொட்டாவி விட்டவர்கள், கோழி வந்ததும் விளக்கை அணைக்காமல் படுத்தார்களாம். பேராசிரியர் தன் பத்தியில் பொங்கி எழுந்தார். ஆந்தை அந்நியன், அது வெளியிலிருந்து வருகிற மரணம். கோழியோ நாமே தீனி போட்டு வளர்க்கிற மரணம், நம் கையில் கொத்தித் தின்ற மரணம் என்றார். இப்படி ஒரு குறியீட்டைத் தேர்ந்தெடுக்க எழுத்தாளனுக்கு எத்தனை வருட தியானம் தேவைப்பட்டிருக்கும் என்றும் வியந்தார். அந்த வரியை அடிக்கோடு போட்டு ஓவியரின் மனைவிக்கு அனுப்பலாமா என்று தொடர்காரர் ஒரு கணம் நினைத்தார். நினைத்ததோடு சரி. மறு கணம், தியானம் கொஞ்சம் இருந்திருக்கத்தான் வேண்டும் என்று அவருக்கே பட்டது.

கவிஞர்கள் பின்னாலேயே வந்தார்கள். அதுவரை காகத்தையும் வௌவாலையும் பங்கு போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே மூச்சில் கோழிக்கு மாறினார்கள். ஒரு கவியரங்கத்தில் ஒருவர் 'என் வாசலைக் காலம் கால்நகத்தால் கிளறுகிறது' என்று முடித்தபோது அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் கடைசியாகக் கோழியை உயிரோடு பார்த்தது எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

இனி வாரா வாரம் கோழி என்று ஆசிரியர் உத்தரவு போட்டார். அடுத்து ஒரு பேங்க் மேனேஜர் போனார். அதற்கடுத்து ஒரு பாட்டு டீச்சர்.

கீழே, முட்டைக்கடை காற்று வாங்க ஆரம்பித்தது.

முதலில் அக்காவுக்குக் காரணம் பிடிபடவில்லை. ட்ரேக்களை இடம் மாற்றி அடுக்கினாள். விலையைக் குறைத்துப் பார்த்தாள். கடைக்கு எதிர்ப் பக்கம் வரை வருகிறவர்கள் நின்று, பலகையை நிமிர்ந்து பார்த்து, ஏதோ மறந்துவிட்டதைப் போலத் திரும்பிப் போனார்கள். குழந்தையை இழுத்துக்கொண்டு போன ஒருத்தி, மேலே பார்க்காதே என்று குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். கடைசியில் எதிர்க்கடைத் தையல்காரர்தான், ஊசியில் நூல் கோத்தபடியே, உங்க தம்பி எழுதுறதை நீங்க படிக்கிறதில்லையா என்று கேட்டார்.

அக்கா மாடிப்படி ஏறி வந்த சத்தத்திலேயே தொடர்காரருக்கு ஏதோ வில்லங்கம் என்று பட்டுவிட்டது. சுருட்டிய பத்திரிகையை மேஜையில் போட்டு, படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது யாருடா?"

"குறியீடுக்கா."

"என் போர்டுல இருக்கிற கோழி. அதே கழுத்து, அதே கண்ணு."

ஒரே ட்ரேசிங் தாள் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். பேக்கரிக்காரரிடம் நேரிலேயே போய்க் கேட்டிருக்கிறாள். இந்தக் கடை முட்டையை கேக்கில் போட்டதாகத் தெரிந்தால் ஒருத்தனும் பிறந்தநாளுக்கு வாங்கமாட்டான் என்று அவர் கையை விரித்துவிட்டார். விடுதிப் பையன்கள் ஆம்லெட்டைத் தட்டோடு தள்ளிவிட்டு எழுந்து போகிறார்களாம்.

"வெறும் கதைக்கா. படிச்சவங்க நிறைய பேர் இருக்கிற தெரு இது. கதையப் படிச்சிட்டு யாராவது முட்டை வாங்காம இருப்பாங்களா?"

"ஆந்தை கத்துனா நீ ஓடிப் போய் ஜன்னலைச் சாத்துறியே, அந்தக் கதையை எழுதினது யாரு?"

தொடர்காரர் பேனாவை மூடினார்.

"என் வளையல், என் சேமிப்பு எல்லாம் கீழ அடுக்கி வச்சிருக்கேன். ஒவ்வொண்ணா அழுகிட்டிருக்கு," என்றாள் அக்கா. "அந்தக் கோழிக்கு நீ வாங்கிக் குடுத்த கெட்ட பேரை நீயே எடுத்துடு. எடுக்கலன்னா மாசக் கடைசியில கடையை மூடுறேன். நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீ உன் பேராசிரியர் வீட்டு வாசல்ல போய் நில்லு. அவருதான் உனக்கு தியானம் எல்லாம் தெரியும்ங்கிறாரே."

படிக்கவே படிக்காத அக்கா பத்தியை வரிவிடாமல் படித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கெட்ட பேரை எடுப்பது என்ன பிரமாதம் என்று நினைத்தார். அந்த வாரமே கோழியை நல்லதாக்கினார். கிணற்றுப் பக்கம் தவழ்ந்து போன குழந்தையின் சட்டையைக் கோழி அலகால் பிடித்து இழுத்துக் காப்பாற்றியது. எழுதும்போதே கண் கலங்கினார். இதழ் வந்ததும் பேராசிரியர் எழுதினார்: 'கருணையின் முகமூடி அணிந்த கோழி. குழந்தையை ஏன் காப்பாற்றுகிறது? எதற்காகச் சேமித்து வைக்கிறது? நினைக்கவே நடுங்குகிறது.' வாசகர்களும் நடுங்கினார்கள். அதுவரை அரை டஜனாவது வாங்கிக்கொண்டிருந்த டிபன் கடைக்காரரும் நின்றுவிட்டார்.

ஓவியர் கன்ன வீக்கம் வடிந்து எழுந்து வந்தார். தன் பங்குக்கு ஏணி போட்டு ஏறி, பலகைக் கோழிக்கு ஒரு புன்னகை வரைந்து கொடுத்தார். அலகில் புன்னகை வரைவது எவ்வளவு ஆபத்தான வேலை என்று இறங்கி வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. பால் ஊற்ற வந்தவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மறுபடி ஏறி அழித்தார். முழுதாக அழியவில்லை.

கோழியை அனுப்பிவிட்டு ஆந்தையையே கூப்பிட்டுவிடலாம் என்று தொடர்காரர் ஆசிரியரிடம் போய் நின்றார். ஆசிரியர் அனுதாபத்தோடு பார்த்தார். ஆந்தைக்கு இப்போது மவுசு இல்லை, அதைப் பார்த்தால் ஜனங்களுக்குச் சிரிப்பு வருகிறது, சிறுவர் பகுதி இருந்திருந்தால் அங்கே போட்டிருக்கலாம் என்றார்.

மாசக் கடைசி நெருங்கியது. பண்ணை வண்டிக்காரர், இருக்கிறது தீர்ந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லி வண்டியை நிறுத்தாமலே போனார். மத்தியான வேளைகளில் அக்கா ஒவ்வொரு முட்டையாக எடுத்து பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். கலங்கியது வலது பக்கம், தெளிந்தது இடது பக்கம். வலது பக்கம் வளர்ந்துகொண்டே போனது. மின்விசிறியை மாடியிலிருந்து கழற்றி விற்றுவிட்டாள். தொடர்காரர் வியர்த்துக்கொண்டே கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்துக்கு இன்னும் படம் சொல்லவில்லை.

"இதுவரைக்கும் யார் யாரு செத்திருக்காங்க?" என்று அக்கா முட்டையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீதிபதி. பேங்க் மேனேஜர். பாட்டு டீச்சர்."

"பாட்டு டீச்சருமா? பாவம். அவங்க வீட்ல எல்லாம் முட்டை இருந்துச்சா?"

"அதெல்லாம் நான் எழுதலக்கா."

"எழுதலல்ல?"

"இல்ல."

"அப்ப இல்லன்னு எழுது."

தொடர்காரர் நிமிர்ந்தார்.

"கோழி சும்மா ஏன் ஜன்னல் ஜன்னலா ஏறப் போகுது? அது போட்ட முட்டையைத் தேடிட்டு வருது. இருந்தா பார்த்துட்டுப் போயிடும். இல்லன்னா, எங்கடான்னு கேக்கும்." அக்கா முட்டையை இடது பக்கம் வைத்தாள். "கேட்டா வீட்டுக்காரன் என்ன ஆவான்ங்கிறது உன் இலாகா."

காரணம் சொல்லிவிட்டால் குறியீடு செத்துவிடும் என்று தொடர்காரர் பலவீனமாக வாதாடினார். அர்த்தம் தெரியாத வரைக்கும்தான் அதற்குச் சக்தி, பேராசிரியரே அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றார்.

"சாகட்டும். இவ்வளவு நாள் அதுதானே எல்லாரையும் சாகடிச்சுது," என்றாள் அக்கா.

அவர் எழுந்து போய் ஓவியருக்குப் போன் போட்டார். இந்த முறை வழக்கம் என்ற வார்த்தையே வரவில்லை. ஜன்னல், வெளியே கோழி, ஜன்னல் விளிம்பில் ஒரு முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அந்த வார 'கறுப்புத் தாழ்ப்பாள்' இப்படிப் போனது. துப்பறிவாளர் மூன்று வீட்டுச் சமையலறைகளையும் சோதிக்கிறார். உப்பு இருக்கிறது, பருப்பு இருக்கிறது. முட்டை இருக்க வேண்டிய இடம் மூன்றிலும் காலி. அவருடைய நெற்றி சுருங்குகிறது. அன்று இருட்டும் வேளையில் தன் வீட்டு ஜன்னல் விளிம்பில் ஒரு முட்டையை வைத்துவிட்டு, துப்பாக்கியோடு திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். கோழி வருகிறது. கழுத்தைச் சாய்க்கிறது. ஒரு கண்ணால் முட்டையைப் பார்க்கிறது. பிறகு, மெல்ல இறங்கி, அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்து நடக்கிறது. 'அடுத்த வீட்டில் முட்டை இருந்ததா?' என்று கேட்டு அந்த வாரத்தை முடித்தார்.

இதழ் வெளிவந்த அன்று காலையில் கடை எப்போதும் போல ஈ ஓட்டியது. மத்தியானம் விடுதியின் சமையல்காரம்மா வந்தாள். மேலே பலகையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, ஒரே ஒரு முட்டை என்றாள். விடுதியில் எத்தனை ஜன்னல் என்று அக்கா விசாரித்தாள். சமையல்காரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு ட்ரேயோடு எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் தெருவின் மறுமுனை வரைக்கும் வரிசை நின்றது.

அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. வருகிற ஒவ்வொருவரையும் "ஜன்னலுக்கா, சட்டிக்கா?" என்று கேட்டாள். ஜன்னலுக்கு என்று சொல்ல வெட்கப்பட்டவர்கள் எல்லாம் சட்டிக்கு என்றார்கள். சட்டிக்கு வாங்கியவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் இருட்டுவதற்குள் ஜன்னல் விளிம்பில் ஒரு முட்டை இருந்தது. பேக்கரிக்காரர் கண்ணாடி அலமாரிக்குள் கேக்குகளுக்கு நடுவில் ஒரு பச்சை முட்டையை வைத்தார். வியாபாரம் சூடு பிடித்ததாம். பேங்கில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று கவுன்ட்டருக்கு. பண்ணை வண்டிக்காரர் தானாகவே வந்து வண்டியை நிறுத்திவிட்டு, அக்கா சௌக்கியமா என்றார்.

பேராசிரியரும் வந்தார். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முன்னால் நின்றார்.

"ஜன்னலுக்கா, சட்டிக்கா?"

"ஆம்லெட்டுக்குத்தான்மா," என்றார் பேராசிரியர். பிறகு குரலைத் தாழ்த்தி, பழுப்பு முட்டை கிடைக்குமா என்று கேட்டார். வெள்ளை என்பது ரொம்பப் பழைய குறியீடாம்.

அடுத்த இதழில் அவர் முட்டையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். மரணத்தின் வாசலில் வைக்கப்பட்ட, இன்னும் உடையாத நாளைய பொழுது அது என்றார். ஓவியரின் மனைவி இதற்குள் கூலி உயர்த்திக் கேட்டாள். ஆசிரியர் பேசாமல் கொடுத்தார்.

இப்படியே போயிருந்தால் இருளின் சிறகுகளுக்கு ஒரு மங்களமான முடிவு கிடைத்திருக்கும். ஆனால் கதை படிக்காத ஒரு கூட்டம் அந்தத் தெருவில் இருந்தது.

முதலில் ஒரு காகம்தான் வந்தது. தையல்காரர் வீட்டு ஜன்னலில் இறங்கி, முட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஓங்கி ஒரு கொத்து. மறுநாள் அது தன் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த வாரக் கடைசிக்குள் தெருவில் காகம் உட்காராத ஜன்னல் இல்லை. கறுப்புக் கறுப்பாக, விளிம்பு விளிம்பாக, ஒவ்வொரு வீட்டின் கண்ணாடியிலும் அலகைத் தட்டிக்கொண்டு. தொடர்காரர் ஆயுசு முழுக்க எழுதிய காட்சி கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. இதில் ஒரே ஒரு காகத்தை வைத்து அவர் ஒரு குடும்பத்தையே காலி செய்திருக்கிறார்.

ஒருவரும் அலறவில்லை. துடைப்பத்தோடு வந்தார்கள். சனியனே போ என்றார்கள். பேராசிரியர் தன் கட்டுரை வந்திருந்த இதழையே சுருட்டிக்கொண்டு ஜன்னலில் நின்று விரட்டினார். காகம் என்பது என்ன, அதன் கறுப்பு எதைச் சொல்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. காகம் முட்டையைத் தின்றுவிட்டது என்பதும், கோழி வருவதற்குள் இன்னொன்று வைத்தாக வேண்டும் என்பதும்தான் தெருவுக்கு இருந்த ஒரே கவலை.

அக்கா மட்டும் காகங்களை விரட்டவில்லை. நேற்று வாங்கியவர்கள் எல்லாம் இன்றும் வந்தார்கள். இன்று வாங்கியவர்கள் நாளையும் வருவார்கள். கடை வாசலில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தாள், அவை குடித்துவிட்டுத் தெம்பாகப் பறக்கட்டும் என்று.

மாடியில் புது மின்விசிறி சுழன்றது. தொடர்காரர் அடுத்த அத்தியாயத்துக்குத் தாளை எடுத்து வைத்துவிட்டு, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காகம் பறந்து வந்து அவருடைய ஜன்னலிலேயே இறங்கியது. இத்தனை கிட்டத்தில் அவர் காகத்தைப் பார்த்ததில்லை. தலையில் ஒரு இடத்தில் இறகு கொட்டியிருந்தது. ஒரு கால் விரல் வளைந்திருந்தது. அது அவரைப் பார்க்கவே இல்லை. எந்தச் செய்தியும் அதனிடம் இல்லை. அதன் கண்ணெல்லாம் விளிம்பில் இருந்த முட்டையின் மேல்தான்.

ஆமாம். அவருடைய ஜன்னலிலும் ஒரு முட்டை இருந்தது.

எழுதுவதற்கு ஒரு மாதிரி வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் முதல் நாள் வைத்தார். இரண்டாம் நாள், வைத்ததை எதற்கு எடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் படுக்கப் போகும் முன் அது இருக்கிறதா என்று எழுந்து வந்து பார்த்தார்.

காகம் கொத்தியது. அவர் சூ என்பதற்குள் பாதி முட்டை உள்ளே போய்விட்டது. மீதி வழிந்தது. காகம் அலகை ஜன்னல் கம்பியில் துடைத்துக்கொண்டு பறந்து போனது.

தொடர்காரர் முட்டை இல்லாத விளிம்பைப் பார்த்தார். பிறகு எட்டிப் பார்த்தார். கீழே பெயர்ப்பலகைக் கோழி தெரிந்தது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அழிந்தும் அழியாத அந்தச் சிரிப்போடு, ஒரு கண்ணால் மேலே பார்த்த மாதிரி இருந்தது. தெரு விளக்கு இன்னும் எரியவில்லை. அவர் ஜன்னலை விட்டுப் பின்னால் நகர்ந்தார்.

அக்கா காபியோடு வந்தாள். ஜன்னல் விளிம்பில் உடைந்த முட்டை ஓட்டையும் வழிந்த மஞ்சளையும் பார்த்தாள். தம்பியின் முகத்தையும் பார்த்தாள்.

"உனக்குமாடா?"

"சும்மாக்கா. எழுதுறதுக்கு ஒரு இதுக்காக..."

அக்கா காபியை மேஜையில் வைத்தாள். சிரிக்கவில்லை என்று காட்ட முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு குடுக்கா," என்றார் தொடர்காரர், ஜன்னலைப் பார்க்காமல். "இருட்டுறதுக்குள்ள."

"கீழ வரிசை நிக்குது. கடைசியில போய் நில்லு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வரிசை தையல்காரர் கடையைத் தாண்டிப் போயிருந்தது. கடைசியில் துணிப்பையோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர். தொடர்காரர் அவருக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஆம்லெட்டுக்கு," என்றார் தொடர்காரர்.

"எனக்கும்," என்றார் பேராசிரியர்.